நாய் எலும்பிலிருந்து குதிரை மூக்குக்கு

1. டைகரின் காலைச் சாப்பாடு

பச்சைத் தோலில் நான் முழுசாகப் பின்னி முடித்த முதல் பின்னலை நாய் தின்றுவிட்டது.

ஒரு வாரம் உட்கார்ந்து பின்னியது. முந்தின நாள் சாயங்காலம் ஆணியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்து, திரும்ப ஒரு தடவை பார்த்து, போனில் படம் எடுத்து என் மகளுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் ஆணி மட்டும் இருக்கிறது. கீழே பண்ணை நாய் டைகர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கடைசித் துண்டைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அந்த நாய் செய்ததில் தப்பே கிடையாது. திண்டுக்கல்லில் நான் பாதி ஆயுசு பச்சைத் தோலில் முடிச்சுப் போட்டதே நாய் தின்பதற்காகத்தான்.

நம் தோல் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "நீங்க எப்புடிக்கா இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நானும் பாத்திமாவும் சிரித்துச் சிரித்துப் பாதியைக் கோட்டை விட்டுவிடுகிறோம். அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

2. மேல, கீழ, இழு

பச்சைத் தோல் என்றால் பதனிடாத தோல். மயிரை நீக்கி, சுண்ணாம்பு போகக் கழுவி, அப்படியே காய வைத்தது. நனைந்தால் துணி, காய்ந்தால் மரக்கட்டை. வெளிநாட்டில் வீட்டு நாய்கள் செருப்பையும் சோபாவையும் கடிக்காமல் இருக்க இதை எலும்பு மாதிரி செய்து போடுவார்கள். அந்த எலும்பு செய்யும் கம்பெனியில்தான் நான் இருந்தேன். ஈரத் தோலைச் சுருட்டி இரண்டு முனையிலும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சர்ச்சில் யாராவது "ஆரோக்கியம், நீ என்னம்மா வேல பாக்குற?" என்று கேட்டால் "எக்ஸ்போர்ட்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு தனிப் பிறவி. உலர்த்தும் ரூமில் ஃபேன் சத்தம் காதைப் பிளக்கும். அதற்கு மேல் கத்துவார்.

"வாய் ஆடணும்! வாய் ஆடுனாத்தான் கை ஆடும்! எல்லாரும் சேந்து சொல்லு. மேல! கீழ! இழு!"

பெண்கள் எல்லாரும் கோரஸாகச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவோம். ஜெபமாலை சொல்கிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். நாள்பட்ட பிறகு வாயை மூடினால் கை நின்றுபோகும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். வீட்டில் மகளுக்குச் சடை பின்னும்போதும் அதே பாட்டுத்தான். "இழு" என்று நான் வாயைத் திறக்கும்போதே அவள் "அம்மாஆ!" என்று அலறிவிடுவாள்.

பக்கத்து மேசையில் இருந்தவள்தான் பாத்திமா. பேகம்பூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். அவள் வாய் ஆடுவதற்குச் சூப்பர்வைசர் தேவையே இல்லை. கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. நான் சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். பாத்திமாதான் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, கொடைரோட்டுல இருந்து வத்தலக்குண்டு போற வழியில ஒரு குதிரைப் பண்ணையாம். பச்சைத் தோல்ல வேல தெரிஞ்ச பொம்பளைங்க வேணுமாம். கெளம்பு."

"குதிரை எலும்பு கடிக்குமாடி?"

"அதெல்லாம் போய்க் கேட்டுக்கலாம், வாக்கா."

3. கல்கண்டு

பண்ணை முதலாளி செந்தில் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றில் பல வருஷம் குதிரை மேல் உட்கார்ந்து மாடு ஓட்டியவர். திரும்பி வந்து நாலு குதிரை வாங்கி, பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தரும் பள்ளி ஆரம்பித்திருந்தார். அவர் மனைவி கவிதா. பண்ணையில் மத்தியானச் சாப்பாடு அவர் சமையல்தான்.

முதலாளி ஒரு பொருளை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். தோல் வாரால் பின்னிய வளையம். நீர்த்துளி போன்ற வடிவம். மேல்பக்கம் மட்டும் தடித்து, நுணுக்கமாகப் பின்னியிருந்தது. அதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. அன்று முதல் இன்று வரை அது மூக்குப்பின்னல்தான்.

"இத மூக்கு மேல போட்டுட்டா வாயில இரும்பே வேண்டாமுங்க. இந்தத் தடிப்பு மூக்கெலும்பு மேல உக்காருமுங்க. கயித்த லேசா அசைச்சாலே குதிரைக்குப் புரிஞ்சுருமுங்க."

"ரொம்ப நல்லாருக்குங்கய்யா. இதையே போட்டுக்க வேண்டியதுதான?" என்றேன்.

"கிட்டத்துல பாருங்க்கா."

பார்த்தேன். தடிப்பில் வார் வெடித்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

அப்புறம் எங்களை லாயத்துக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் கல்கண்டை முதலில் பார்த்தேன். வெள்ளைப் பெண் குதிரை. மூக்கு மட்டும் ரோஜா நிறம். நான் போய் நின்றதும் என் முந்தானையை வாயால் பிடித்து இழுத்துப் பார்த்தது. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தின்போதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

கல்கண்டு முன்னால் கல்யாண ஊர்வலக் குதிரை. வைத்திருந்தவர்கள் கடிவாளத்தை வெட்டி வெட்டி இழுத்ததில் வாய் ஓரம் இரண்டும் கிழிந்து, தழும்பு இன்னும் இருக்கிறது. இரும்புச் சத்தம் கேட்டாலே முன்னங்காலைத் தூக்கிவிடும். மூக்குப்பின்னல் ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது. அது அறுந்தால் கல்கண்டின் மேல் யாரும் உட்கார முடியாது. உட்கார முடியாத குதிரைக்கு யார் தீனி போடுவது என்று கவிதாம்மா ஒற்றைக் காலில் நின்றார். வாங்கிக்கொள்ளக் கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒன்று தயாராக இருந்தது. அதுவும் ஊர்வலப் பார்ட்டிதான். அதாவது திரும்பவும் இரும்பு.

"அடுத்த மாசம் வாரேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள புதுசு ஒண்ணு பின்னிட்டா குதிரைய நிறுத்திக்கலாமுங்க" என்றார் முதலாளி.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமாங்கய்யா?"

"அங்க ஒரு ஆளு பின்னுவாருங்க. நான் பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிருக்கேனுங்க."

இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி.

4. கன்னத்தில் வைத்துப் பார்

தோலை வாராக்குவதிலேயே முழி பிதுங்கிவிட்டது. நாங்கள் துணி கிழிக்கிற மாதிரி நீளவாக்கில் வெட்டினோம். எல்லாம் குட்டை குட்டையாக வந்தது. முதலாளி காப்பி குடித்த ஞாபகத்தைக் கிளறிக் கிளறி ஒரு விஷயம் சொன்னார். தோலை வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும். விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி, முறுக்கு வடிவத்தில் வெட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஒரு தட்டு அகலத் தோலில் இருந்து வீட்டைச் சுற்றும் அளவுக்கு ஒரே வார் வரும். முதல் தடவை அப்படி வந்தபோது பாத்திமா முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டி, மாமரம் தாண்டி ஓடினாள். "இன்னும் வருதுக்கா! இன்னும் வருது!" என்று ரோடு வரைக்கும் சத்தம். டைகரும் பின்னாலேயே ஓடியது. அதன் எண்ணம் வேறு.

அடுத்தது பதம். ரொம்ப ஈரமாகப் பின்னினால் காய்ந்தபின் தளர்ந்துபோகும். காய்ந்த வாரைப் பின்னினால் வெடிக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதை விரலால் கண்டுபிடிக்க முடியாது, விரல் எப்போதும் ஈரமாக இருக்கும். வாரைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்கணும், ஆனால் கன்னத்தில் ஈரம் ஒட்டக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் நாள் பூராவும் தோலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். சவாரிக்கு வந்த ஒரு பிள்ளை, "ஏம்மா இவங்க தோலக் கொஞ்சுறாங்க?" என்று கேட்டது.

நம் ஊர் வெயிலில் அந்தப் பதம் செத்த நேரம்தான் நிற்கும். ஈரச் சாக்குக்குள் வாரை வைத்துக்கொண்டு, முனையை மட்டும் வெளியே இழுத்துப் பின்னப் பழகினோம். வழுக்கிக்கொண்டு போக பார் சோப்பைத் தடவினோம். இப்படித்தான் வளையத்தின் உடம்புப் பின்னல் கைக்கு வந்தது. அதைத்தான் டைகர் தின்றது. பரவாயில்லை, வழி தெரிந்துவிட்டது, திரும்பவும் பின்னினோம். இந்தத் தடவை ஃபேன் கொக்கியில் மாட்டினோம்.

மிச்சம் இருந்தது மூக்குக்கட்டு. அதாவது மேலே இருக்கும் அந்தத் தடிப்பு. ஒரே வார்தான். ஆனால் அது எங்கே நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடவில்லை. முதலாளி தீவனம் ஏற்றி வர மைசூர்ப் பக்கம் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்.

"பழசுல ரெண்டு விரக்கடை பிரிச்சுப் பாருங்க்கா. ரெண்டே விரக்கடை. அதுல தெரிஞ்சுரும்."

5. தொட்டியில் போடு

பாத்திமா போனைச் சோப்பு டப்பாவில் சாய்த்து வீடியோ போட்டாள். ஈரத் துணியால் ஒற்றி, இளக்கி, நுனியைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தோம். வாய் தானாகப் பாட ஆரம்பித்தது. "மேல ரெண்டு, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, கீழ ரெண்டு." கையும் வாயும் ஒரே தாளத்தில் போயின. அவ்வளவு சுகமான வேலையை நான் பார்த்ததே இல்லை. வறுத்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மட்டும் தின்றுவிட்டு நிறுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? ரெண்டு விரற்கடை எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மூக்குக்கட்டு முழுசும் பிரிந்து தரையில் கிடக்கிறது.

"ரெண்டு விரக்கடைன்னாருக்கா" என்றாள் பாத்திமா.

"யாரு விரல்னு சொன்னாரா?" என்றேன்.

எனக்குப் பயமே இல்லை. காய்ந்த வார் ஒவ்வொரு மடிப்பையும் அப்படியே வைத்திருந்தது. சடையை அவிழ்த்தாலும் முடி அலை அலையாக நிற்குமே, அது மாதிரி. அந்த மடிப்புகளைப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். கூடவே வீடியோ வேறு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம் என்று எழுந்தோம்.

நாய் எலும்புக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. இடத்தை விட்டு எழுந்தால் கையில் இருக்கும் தோலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். காயவிட்டால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார், எங்கள் தோலை. போட்டது என் கையா, பாத்திமா கையா என்று இன்றைக்கு வரைக்கும் சண்டை ஓயவில்லை. சாப்பிட்டு வந்து பார்த்தால் அந்த வார் பக்கெட் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

தூக்கினேன். இடியாப்பம் மாதிரி தொளதொளவென்று தொங்கியது. ஒரு மடிப்பு இல்லை. எல்லா வழியும் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது.

"மாதாவே!" என்றேன் நான்.

"வீடியோ இருக்குல்லக்கா, ஏன் பதறுற?" என்று பாத்திமா போனை எடுத்தாள். போன் குப்புற விழுந்து கிடந்தது. ஆரம்பித்த உடனேயே சோப்பு டப்பாவில் இருந்து வழுக்கியிருக்கிறது. ஒரு மணி நேர வீடியோவும் கும்மிருட்டு.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கல்கண்டு நிம்மதியாகப் புல் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதுசு இல்லை, பழசும் இல்லை. பார்ட்டி வர இன்னும் நாலைந்து நாள்தான். என் கையால்தான் அந்த வாயில் திரும்ப இரும்பு ஏறப்போகிறது.

அப்போது பாத்திமா கையில் இருந்த இருட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"மேல ரெண்டு, கீழ ஒண்ணு..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படம்தான் இல்லை. பாட்டு முழுசாக இருந்தது. கடைசியில் இருந்து ஆரம்பம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்டால் பின்னுகிற வழி வந்துவிடும்! பாத்திமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். டைகர் காரணம் புரியாமல் அதுவும் குதித்தது. அந்தச் சூப்பர்வைசர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று அன்றைக்கு மனசாரச் சொன்னேன்.

6. சாம்பார் நெருங்குகிறது

ஒரே சிக்கல். எங்கள் கை நிறைய சோப்பும் ஈரமும். போன் எங்கள் விரலை மதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, நிறுத்தி, திரும்பப் போட ஒரு ஆள் வேண்டும். பண்ணையில் அப்போது இருந்தது கவிதாம்மா ஒருவர்தான். நடந்ததைச் சொல்லிக் கேட்டோம். குதிரையை அனுப்பத் துடிப்பவர், மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குச் சும்மா உக்காந்து பட்டனை அமுத்துறதுல என்னங்க கஷ்டம்?"

அவர் போட்டார், நாங்கள் பின்னினோம். முதல் நாள் அருமையாகப் போனது. மூன்று பேரும் சேர்ந்து "மேல ஒண்ணு, கீழ ரெண்டு" என்று பாடினோம். முதலாளி போன் பண்ணி "எப்படிப் போகுதுங்?" என்றபோது, கவிதாம்மா எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "சூப்பராப் போகுதுங்" என்றார். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலையில் பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் திடுக்கென்று ஒன்று ஞாபகம் வந்தது. நாங்கள் பிரிக்கும்போது பாட்டு மட்டுமா பாடினோம்? பாத்திமாவைப் பார்த்தேன். அவளுக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. திருதிருவென்று முழித்தாள்.

"கவிதாம்மா, நீங்க போய் வேலையப் பாருங்க, இனி நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றேன்.

"இருக்கட்டுங்க்கா. நல்ல ருசியாருக்குது" என்று பட்டனை அமுத்தினார்.

போனில் பாத்திமா குரல் கணீரென்று வந்தது. "...கீழ ஒண்ணு. பருப்பத் தேடி உள்ள எறங்குன கரண்டி இன்னும் கரை சேரலக்கா. மேல ரெண்டு."

கவிதாம்மா நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். இப்போது என் குரல். "நேத்து ஊத்துனது சாம்பாராடி, கல்கண்டு குளிச்ச தண்ணியாடி? மேல ஒண்ணு."

பாத்திமா சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கவிதாம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பருப்பு பத்தலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றதுதானுங்க? இத்தன நாளா தண்ணியக் குடிச்சுட்டு சூப்பர் சூப்பர்னு சொன்னீங்களே!" என்றார். அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் பாத்திமாவும் நானும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் பேசியது ஒன்று இருந்தது. பின்னோக்கிப் போகப் போக அது வந்துகொண்டே இருந்தது.

மத்தியானத்துக்கு முன் வந்துவிட்டது.

"கீழ ரெண்டு. நீ சொல்றது சரிதான். பயம்னு வாய் விட்டுச் சொன்னா, நாமளே கூடப் போய் நிப்பமே. மேல ஒண்ணு." இது நான்.

கவிதாம்மா பின்னால் நகர்த்தினார்.

"மேல ரெண்டு. அந்தம்மாவுக்குத் தீனிச் செலவெல்லாம் இல்லக்கா. குதிரைன்னா பயம். அன்னைக்கு இரும்புச் சத்தத்துக்குக் கல்கண்டு கால் தூக்கினப்ப அந்தம்மா தண்ணித் தொட்டிக்குள்ள போயி விழுந்துச்சாம்ல? வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு விக்கச் சொல்லுது. பாவம்க்கா. கீழ ஒண்ணு."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு லாயத்துப் பக்கம் பார்த்தபடி இருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அடுத்தது மேல ஒண்ணா, கீழ ஒண்ணாங்க்கா?" என்றார். "வார் காயுதுல்ல. பின்னுங்க."

7. மூக்களவு

மூக்குக்கட்டு முடியும் நேரத்தில் அளவு தேவைப்பட்டது. பழசு ஊறிப்போய் அளவு மாறிவிட்டது. கல்கண்டின் மூக்கைச் சுற்றி நூல் பிடித்துப் பார்த்தால்தான் எங்கே இறுக்கி முடிப்பது என்று தெரியும். நானும் பாத்திமாவும் ஆளுக்கு ஒரு முனையை இழுத்துப் பிடித்திருந்தோம். ஒருவர் விட்டாலும் மொத்தமும் தளர்ந்துவிடும். முடிச்சை இறுக்கும்வரை கீழே வைக்க முடியாது.

கவிதாம்மா நூலை எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்ப எடுத்தார்.

"ஏனுங்க்கா, கூட வந்து நிக்கிறேன்னு சொன்னீங்கல்ல, நெசமாத்தான் சொன்னீங்களா?"

"இந்தா வாரோம்மா!"

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் நூலும் கையுமாகக் கவிதாம்மா. பின்னால் நானும் பாத்திமாவும், நடுவில் ஈரப் பின்னலை இழுத்துப் பிடித்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போகிறோம். கடைசியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு டைகர். நான் ஒரு காலால் அதை உதைத்துத் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

லாயத்து வாசலில் கவிதாம்மா நின்றுவிட்டார். நாங்கள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். கல்கண்டு தலையை நீட்டியது. அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டது.

"அய்யோ! சுடுதுங்க்கா!" என்று கவிதாம்மா கத்தினார். ஆனால் கையை எடுக்கவில்லை. "ஏனுங்க்கா... வெல்வெட்டுத் துணியாட்ட இருக்குதுங்க!"

"கொஞ்சினது போதும்மா, நூலச் சுத்துங்க, கை வலிக்குது!" என்று பாத்திமா அலறினாள். ஒருவழியாக நூலைச் சுற்றினார். அளவு கிடைத்தது. முடிச்சை இறுக்கினோம். அந்த இடத்திலேயே மூன்று பேரும் சேர்ந்து "இழு!" என்று கத்தினோம். கல்கண்டு காதை ஆட்டியது.

மூக்குப்பின்னலை எவர்சில்வர் தூக்குவாளி மேல் மாட்டி வடிவம் பிடிக்க வைத்தோம். வாளியை ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டோம். டைகர் அதன் கீழேயே இரண்டு நாள் அண்ணாந்து படுத்துக் கிடந்தது.

8. பார்ட்டி வந்த நாள்

கோயம்புத்தூர்ப் பார்ட்டி வேனில் வந்து இறங்கினார். கையில் புத்தம் புதுக் கடிவாளம், பளபளவென்று. முதலாளி முந்தின நாள்தான் மைசூரில் இருந்து வந்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. புதுப் பின்னலை அவரிடம் காட்டியிருந்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. ஆனா குதிரை ஒத்துக்கணும், கவிதாவும் ஒத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பார்ட்டி கையில் கடிவாளம் 'கிணுங்' என்றது. லாயத்துக்குள் கல்கண்டு சடாரென்று பின்வாங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் கவிதாம்மா மூக்குப்பின்னலை எடுத்துக்கொண்டு நேராக லாயத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். போகிற போக்கில் எங்களை ஒரு பார்வை பார்த்தார். நானும் பாத்திமாவும் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம். இரண்டு பக்கமும் போய் நின்றோம். அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றதால் கேட்டது. "மேல ஒண்ணு, கீழ ரெண்டு..." பயத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டே மாட்டினார். மூக்குக்கட்டு கல்கண்டின் மூக்கெலும்பு மேல், அளவெடுத்த இடத்தில், அப்படியே உட்கார்ந்தது.

கயிற்றைப் பிடித்து வெளியே நடத்தி வந்தார். கல்கண்டு ஒரு பசுங்கன்று மாதிரி அவர் பின்னால் வந்தது. முதலாளி ஏறி உட்கார்ந்தார். இடப்பக்கம் லேசாக அசைத்தார், இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் அசைத்தார், வலப்பக்கம் திரும்பியது. அப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். நானும் பாத்திமாவும் சின்னப் பிள்ளைகள் மாதிரி விசிலடித்தோம். எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பார்ட்டி அசந்துபோய், "நல்ல குதிரைங்க. அப்ப பேசி முடிச்சுக்கலாமுங்களா?" என்றார்.

முதலாளி கவிதாம்மாவைப் பார்த்தார். கவிதாம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"வந்ததுக்குச் சாப்பிட்டுப் போங்க. சாம்பார்ல பருப்பு நெறையப் போட்டிருக்கேன். குதிரையக் குடுக்கறதில்லீங்க."

முதலாளி குதிரை மேலிருந்து இறங்கவே மறந்துவிட்டார். பாத்திமா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. அதன் பிறகு பின்னிய ஒவ்வொரு மூக்குப்பின்னலுக்கும் அளவெடுப்பவர் கவிதாம்மாதான். வேறு யாரையும் விடுவதில்லை. பிள்ளைகளே, இதில் இருந்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். எதைப் பிரித்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிரியுங்கள், கை மறப்பதை வாய் வைத்திருக்கும். பிரிக்கும்போது யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் அவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும், கடைசியில் உங்களோடு எழுந்து லாயம் வரைக்கும் வருகிற மாதிரிப் பேசுங்கள்.

டைகருக்கு நான் மாசம் ஒரு எலும்பு முடிந்து போடுகிறேன். அதற்கும் அதே பாட்டுத்தான்.